ரயில் வேண்டுமா என்று கேட்டார்கள்

கிரான்சேலே
11 ஜனவரி 1989

ஏவெர்ட்,

நலம் விசாரிக்க எழுதவில்லை. பத்திரிகை பார்த்தேன். கடைக்கார பெர்டில் அந்தப் பக்கத்தை எனக்காகவே மடித்து வைத்திருந்தான். "உட்பகுதிப் பாதையில் தினசரி ரயில் நடைமுறைக்கு ஒவ்வாது" என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே, ஆய்வை எழுதியவர் என்று உன் பெயர்.

"ஒங்க தம்பிதானே?" என்று கேட்டான். வேறு யார் என்று சொல்லிச் சமாளிக்க? பாலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாவு வாங்கத்தான் போயிருந்தேன், அது நினைவுக்கே வரவில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மர ஆலையை மூடியதும் அதன் சமையல்கட்டில் இருந்த என் வேலையும் போயிற்று. கண் டாக்டர் என் கார் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். உன் அத்தான் மேல் மரம் சாய்ந்த நாளிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. போன இலையுதிர் காலத்தில் இந்த ரயிலைச் சோதனைக்கு விட்டார்களே, அதனால்தான் உங்கள் லோவ்ஹாம்ன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. காலையில் போகிறேன், மாலையில் வீடு திரும்புகிறேன். நடுவில் பக்கத்து வீட்டு எல்சி வந்து அவருக்குச் சாப்பாடு கொடுத்து, அடுப்பில் விறகு போடுகிறாள். எங்கள் வாழ்க்கை அந்த இரண்டு பெட்டி டீசல் ரயிலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஈஸ்டரோடு அதை நிறுத்தினால் நான் என்ன செய்வேன்? பஸ் விடுவோம் என்று எழுதியிருக்கிறாய். உன் பஸ் ஒவ்வொரு பண்ணை வாசலிலும் நின்று நின்று வந்து சேர்வதற்குள் அவர் ஈரத்திலேயே கிடந்து தூங்கியிருப்பார். வேலையை விட வேண்டும், இல்லையென்றால் அவரை நகரத்து முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும். அதைப் பற்றி ஒரே ஒரு தடவை பேச்செடுத்தேன்.

"என்னை அங்க கொண்டுபோறதுன்னா பொணமா, காலை முன்னால நீட்டிக்கிட்டுதான் போவேன்" என்றார். அப்புறம் நாள் முழுக்கப் பேச்சில்லை.

பேச்சில்லை என்றதும் நினைவு வருகிறது. போன வாரம் தெற்கிலிருந்து ஒரு புது டாக்டர் வந்தார், சின்னப் பையன். "முதுகு வலிக்குதா?" என்று கேட்டார். உன் அத்தான் நம் ஊர் வழக்கப்படி உதட்டைக் குவித்து, மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தார், நமக்கு அதுதான் ஆமாம். டாக்டர் பதறிப்போய் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து நெஞ்சில் வைத்துவிட்டார். மூச்சுத் திணறல் என்று நினைத்திருக்கிறார். நான் சிரித்துவிட்டேன். இந்தக் குளிர்காலத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

போன் செய்யாதே. போனில் நீ நைசாகப் பேசி என்னை மடக்கிவிடுவாய். எழுது. என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதியாவது சொல்.

குன்வோர்


லோவ்ஹாம்ன்
16 ஜனவரி 1989

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இரண்டு நாள் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கோபப்படாமல் எழுதப் பார்க்கிறேன்.

ரயில் பிடிக்காமல் நான் அப்படி எழுதவில்லை. உன்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? கடுங்குளிரில் கதவு உறைந்து திறப்பதில்லை. தண்டவாளம் பிரியும் இடங்களில் பனி இறுகித் திருப்ப முடியவில்லை. டீசல் கூழாகிவிடுகிறது. டிசம்பரில் வராத நாளையும் தாமதமாக வந்த நாளையும் நீயே எண்ணிப் பார்த்திருப்பாய். இவ்வளவையும் சரிசெய்து ஓட்டலாம், ஏற ஆள் இருந்தால். உங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு காடே இருக்கிறது. யாருக்காக ஓட்டுவது என்று மாவட்டப் போக்குவரத்துக் குழு என்னைக் கேட்கிறது. நான் எதைக் காட்டுவேன்?

அதனால்தான் நவம்பரில் போனில் கருத்துக் கேட்டோம். பாதையோரம் உள்ள எல்லா வீடுகளுக்கும் அழைத்து ஒரே கேள்வி: ரயில் தொடர்ந்தால் நீங்கள் அதில் தினமும் போவீர்களா? ஸ்டாக்ஹோமில் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். கடற்கரைப் பக்கம் வேண்டும், வேண்டாம் என்று வாய் நிறையச் சொன்னார்கள். மேலே போகப் போக "பதில் இல்லை", "பதில் இல்லை" என்றே வந்தது. கிரான்சேலே முழுக்க அப்படித்தான்.

அக்கா, இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் வீட்டு எண்ணையும் தேடிப் பார்த்தேன். அங்கேயும் "பதில் இல்லை". கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இப்போது என் மேல் பாய்கிறாய்.

அத்தானைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. கீழ் அறை காலியாகத்தான் இருக்கிறது. உல்லாவுக்கும் சம்மதம்.

ஏவெர்ட்


கிரான்சேலே
22 ஜனவரி 1989

ஏவெர்ட்,

வாயை மூடிக்கொண்டிருந்தேனா? நானா?

கேட்டுக்கொள். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கை முழுக்க மாவு. ஒரு பெண், தெற்கத்திப் பேச்சு, நல்ல மரியாதை. ரயில் தொடர்ந்தால் தினமும் போவீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஹலோ, இருக்கீங்களா?" என்றாள். மறுபடியும் ஆமாம் என்றேன், இன்னும் அழுத்தமாக. "லைன் சரியில்ல போல, மன்னிச்சுக்குங்க" என்று வைத்துவிட்டாள். நகரத்தில் வேலை அதிகம், பதில் கிடைத்தால் போதும் என்று வைத்துவிட்டாள் என நினைத்துக்கொண்டேன். உன் அத்தான் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். சாட்சிக்கு அவர் இருக்கிறார், நீ வந்தால் சொல்வார்.

உன் கடிதத்தை ரயிலில் எடுத்துப் போய்க் காட்டினேன். அது என் புத்திகெட்ட வேலை. பெர்டிலின் மனைவி சொன்னேன் என்கிறாள். பள்ளிக்கூட வாத்தியார் சொன்னேன் என்கிறார். எல்சியும் சொன்னாளாம், அவள் ரயிலேறிப் பல காலம் ஆகிறது, எனக்காகச் சொன்னாளாம். எல்லாருமே சொல்லியிருக்கிறார்கள், ஏவெர்ட். "அப்போ ஒங்க தம்பி எங்களைப் பொய்யனுங்கன்னு எழுதியிருக்காரா?" என்று வாத்தியார் கேட்டார். அதற்கப்புறம் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. பிளாஸ்கில் காபி கொண்டுவந்தால் நாலு பேருக்கு ஊற்றுவேன், இப்போது நானே குடித்து நானே கழுவுகிறேன்.

உன் கீழ் அறை உன்னிடமே இருக்கட்டும். இந்த வீட்டில் உன் அத்தானுக்குக் கையெட்டும் உயரத்தில் எல்லாம் இருக்கிறது. ஜன்னல் வழியாக ஏரி தெரிகிறது. அதையும் பிடுங்கிக்கொண்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும்?

நாங்கள் சொன்னதை யார் எடுத்து எங்கே போட்டார்கள் என்று கண்டுபிடி. அது உன் பொறுப்பு. எனக்குப் பயமாக இருக்கிறது. மாலையில் ரயில் பாலத்தைத் தாண்டும்போது, ஈஸ்டருக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்றுதான் மனம் போகிறது.

குன்வோர்


லோவ்ஹாம்ன்
26 ஜனவரி 1989

அக்கா,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், அவசரமாக எழுதுகிறேன்.

இன்று காலை உன் கடிதத்தை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். "இன்னும் காபி வேணுமா?" என்று உல்லா கேட்டாள். நான் தலை நிமிராமல் மூச்சை உள்ளே இழுத்தேன். அவள் ஊற்றினாள். கல்யாணமான புதிதில் இதற்காக அவள் எத்தனை சண்டை போட்டிருக்கிறாள், நினைவிருக்கிறதா? "நான் கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறார், முகத்தைப் பார்த்து மூச்சு வாங்குறார்" என்று அவள் அம்மாவுக்குப் போன் செய்து அழுதாளே. தெற்கில் பிறந்தவள், அவளுக்கு எப்படித் தெரியும்?

காபி கோப்பை நிறைந்ததும் எனக்கு உறைத்தது.

அலுவலகத்துக்குப் போய் அந்த ஸ்டாக்ஹோம் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அழைத்த பெண்களில் ஒருத்தியே பேசினாள். "மேல் பக்கத்துக்காரங்க ரொம்ப நல்லவங்க சார். கேள்வி வர்ற வரைக்கும் பேசுவாங்க. கேள்வி கேட்டதும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஏதோ காத்து மாதிரி ஒரு சத்தம் வரும். லைன்ல கோளாறுன்னு நெனச்சோம். எதுக்கும் 'பதில் இல்லை'ன்னு போட்டுட்டோம்" என்றாள்.

இந்த மாவட்டத்தில் பிறந்து, இப்படியே பதில் சொல்லி வளர்ந்தவன் நான். அந்தத் தாள்கள் என் மேஜையில் வாரக்கணக்கில் கிடந்தன. ஒரு ஊரே ஊமையாகிவிட்டதா என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு அக்கறையில்லை என்று எழுதினேன்.

மேலாளரிடம் போனேன். அவரும் தெற்குக்காரர். முழுக்கக் கேட்டார். "நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். காத்தை எந்தக் கணக்குல சேர்க்கிறது?" என்றார். மறுபடியும் கருத்துக் கேட்க நேரமில்லையாம். பிப்ரவரி கடைசியில் குழு கூடுகிறது. அதற்கு முன்னால் ஊரார் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தால் மேஜையில் வைக்கலாம் என்றார்.

அக்கா, கையெழுத்து வாங்கு. எல்லாரிடமும் வாங்கு. நான் குழுவின் முன்னால் எழுந்து நின்று என் ஆய்வு தப்பு என்று சொல்கிறேன். என் வேலையைப் பற்றி நீ கவலைப்படாதே.

ஏவெர்ட்


கிரான்சேலே
19 பிப்ரவரி 1989

ஏவெர்ட்,

கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனேன். நம் ஊர்க்காரர்களை உனக்குத் தெரியாதா? வாத்தியார் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. "ஒரு தடவை சொல்லியாச்சு. சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்ல நான் என்ன கிளியா?" என்றார். பெர்டிலும் அதையேதான் சொன்னான். ஒருவனுடைய சொல்லை ஒரு தடவை நம்பவில்லையென்றால் இங்கே அதோடு முடிந்தது. போட்டது எல்சி, நான், உன் அத்தான், இன்னும் இரண்டு பேர். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

அதில் உன் அத்தானின் கையெழுத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். அவர் போட்ட கடைசிக் கையெழுத்து அதுதான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மைனஸ் நாற்பதுக்கும் கீழே போனது. சாயங்கால ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் நின்றுவிட்டது. டீசல் உறைந்துவிட்டதாம். ஓட்டுநர் எங்கள் எல்லாரையும் ஒரே பெட்டியில் உட்காரவைத்து, சீட்டு மெத்தைகளைக் கழற்றிக் கதவிடுக்கில் அடைத்தார். என் பக்கத்தில் உட்காராமல் இருந்தவர்கள் எல்லாரும் அன்று உட்கார்ந்தார்கள், ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு. வாத்தியார் தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டார். மீட்பு வண்டி வந்து இழுத்துப் போனபோது மறுநாள் பொழுது விடிந்திருந்தது. எங்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எல்சிக்கு அன்று காய்ச்சல். மத்தியானம் ஒரு தடவை வந்து விறகு போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். நான் வந்துவிடுவேன் என்று நினைத்தாள்.

அடுப்பு அணைந்துவிட்டது. உன் அத்தான் கட்டிலிலிருந்து தரையில் இறங்கி, முழங்கையால் நகர்ந்து அடுப்புவரைக்கும் போயிருக்கிறார். விறகை எடுத்து வைக்க முடியவில்லை. திரும்பி வரவும் முடியவில்லை. நான் கதவைத் திறந்தபோது தரையில் கிடந்தார். பக்கத்தில் காபிப் பாத்திரம் கவிழ்ந்து, தண்ணீர் தரையோடு பனிக்கட்டியாகியிருந்தது.

"எதுக்கு எறங்கினீங்க? போர்வைக்குள்ளயே இருந்திருக்கலாம்ல?" என்று கத்தினேன்.

"நீ குளிர்ல வருவே. காபி போட்டு வைக்கலாம்னு பாத்தேன்" என்றார்.

வலது கையில் நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள். இடது கையில் இரண்டு. கால் விளங்காத மனிதருக்குக் கையாவது இருந்தது, ஏவெர்ட். நேற்றுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உனக்குச் சொல்லாதே என்றார், அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குத் தகவல் தரவில்லை. நீ ஓடி வந்து அழுவாய், அதை அவரால் பார்க்க முடியாதாம்.

ரயில் நின்றதை உன் குழு இதற்குள் தெரிந்துகொண்டிருக்கும். நீ எழுதியதுதான் சரி என்று ஆகிவிட்டது இல்லையா? கதவு உறையும், டீசல் கூழாகும், எல்லாம் சரி. அதே நாள் சாலையில் இரண்டு லாரிகள் பள்ளத்தில் கிடந்தன என்பதையும் சொல். பஸ்ஸாக இருந்திருந்தால் நாங்களும் அங்கேதான் கிடந்திருப்போம் என்று சொல். எனக்கு இனி எது சரி என்று தெரியவில்லை. அந்த ரயில் மேல் எனக்கு வெறுப்பு வந்துவிட்டது. ஆனால் அந்த வார வியாழக்கிழமையே அது வந்து நின்றபோது, ஏறிவிட்டேன். எனக்கு வேறு என்ன இருக்கிறது?

பேசு. நீ சொன்னபடி எழுந்து நின்று பேசு.

குன்வோர்


லோவ்ஹாம்ன்
23 பிப்ரவரி 1989

அக்கா,

பேசினேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அத்தான் விஷயத்தை நான் அங்கே சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் நின்று பேசி முடிக்க முடியாது என்று தெரிந்தது. போனில் நடந்த தவறைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். கேலியாகச் சிரிக்கவில்லை, நல்ல கதை கேட்டால் சிரிப்பார்களே, அப்படி. அதுதான் அதிகம் வலித்தது. மேல் பக்கத்து உறுப்பினர்கள் மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் அவர்களைப் பார்த்து, "உங்க ஊர்ல நெசமாவே இப்படித்தான் பதில் சொல்வாங்களா?" என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

குறிப்பெழுதும் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "பதில் ஏதும் வரலையே, என்ன எழுதட்டும்?" என்று மெதுவாகக் கேட்டாள். அறை முழுக்க மறுபடியும் சிரிப்பு.

அதன் பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை ரயில் நின்றதைப் பற்றிப் பேசினார்கள். யாரும் சிரிக்கவில்லை. "வேணும்னு எல்லாருமே சொன்னதா வெச்சுக்குவோம். குளிர் அதைக் கேக்குமா?" என்றார் மேலாளர். தோற்றோம். ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை கடைசி ரயில்.

உன் ஐந்து பேர் கையெழுத்தை மேஜையில் வைத்தேன். கூட்டம் முடிந்ததும் திருப்பி எடுத்துக்கொண்டேன். அத்தானின் கையெழுத்தை அவர்களிடம் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

அக்கா, முன்பு நான் வரச் சொன்னபோது பெரிய மனிதன் மாதிரிச் சொன்னேன். இப்போது கெஞ்சுகிறேன். கீழ் அறையின் வாசற்படியை எடுத்துவிட்டேன், சக்கர நாற்காலி வரும். ஜன்னலில் ஏரி தெரியாது. துறைமுகத்தில் கப்பல் நிற்பது கொஞ்சம் தெரியும். நீ ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். நீ வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அடுப்பை உல்லா பார்த்துக்கொள்வாள். அத்தானுக்குச் சோறு ஊட்டுவது என் வேலை, யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். வருவீர்களா?

உன் தம்பி
ஏவெர்ட்


லோவ்ஹாம்ன்
15 மார்ச் 1989

அக்கா,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். போன் செய்யாதே என்று சொன்னாய், செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் கை போய்விட்டுத் திரும்புகிறது.

பதில் இல்லை என்று வந்தால் அதை எப்படி எழுதிக்கொள்வது என்று எனக்கு இப்போது தெரியவில்லை. கோபமா, வேண்டாம் என்கிறாயா, அத்தானுக்கு மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டதா? ஒரு வரி போதும்.

ஏவெர்ட்


கிரான்சேலே
24 மார்ச் 1989

ஏவெர்ட்,

நேற்று கடைசி ரயில். ஊரே ஏறியது. எல்சிகூட ஏறினாள், அடுத்த நிறுத்தம்வரை போய்விட்டு நடந்தே திரும்பி வந்தாள். வாத்தியார் என் காபியை வாங்கிக் குடித்தார். இறங்கும்போது ஓட்டுநர் கைகொடுத்தார். வேலையை விடுகிறேன் என்று எழுதிய தாள் என் பையிலேயே இருந்தது, சலவைக்கூடத்தில் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று எனக்கே தெரியாது.

நான் பதில் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. உன் கடிதத்தை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்ட எனக்குத் துணிவு வரவில்லை. "காலை நீட்டிக்கிட்டுதான் போவேன்" என்று சொன்னவர். கை போன பிறகு பகலெல்லாம் ஏரியையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார். அதையும் எடுத்துக்கொண்டு போக நான் யார் என்று இருந்தேன். ஒருநாள் அடுப்பில் விறகு போட எழுந்தேன், என் பின்னாலேயே வந்த அவர் கண்ணைப் பார்த்தேன். அடுப்பைக் கண்டால் அவருக்குப் பயம். என்னிடம் சொல்லவில்லை.

நேற்று வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து வாசித்தேன், சோறு ஊட்டுவது என் வேலை என்று நீ எழுதியது வரைக்கும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "போலாமா?" என்று கேட்டேன்.

ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன். குனிந்து காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். மறுபடியும் கேட்டேன். மூச்சு உள்ளே போனது. சின்னதாக, சட்டென்று. அந்தத் தெற்கத்தி டாக்டர் இருந்திருந்தால் ஓடி வந்திருப்பார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுதேன் என்று கேட்காதே. இந்த வீட்டுக்காகத்தான் அழுதேன். வேறு எதற்கு?

அது அவருடைய பதில். நீ என்னையும் கேட்டிருக்கிறாய். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்தச் சொல்லை நான் வெளியே சொன்னதே இல்லை, எழுத்தில் எப்படி வைப்பது என்று தெரியவில்லை. எழுதினால் வேறு யாரோ சொல்வது போல இருக்கிறது.

அதனால் ஈஸ்டர் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய். உல்லாவைப் பேச விடாதே, நீயே பேசு. வருவியான்னு ஒரு தடவை கேள், போதும். கேட்டுவிட்டு ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொள். ஒன்றும் கேட்காதது போலத்தான் இருக்கும். லைன் கோளாறு என்று வைத்துவிடாதே.

அக்கா